சூசையண்ணை மலையிடுக்கில் ஊற்றிய தண்ணீர்

நான் போதிய காலம் பேசாமல் இருந்துவிட்டேன். ஐந்து வருடங்கள். இன்னும் இரண்டு கிழமை பேசாமல் இருந்தால் ஒரு பொய் அச்சாகி, மட்டை போட்டு, ஒரு நல்ல மனிதரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வருகிறவர்களின் கைகளில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும். அதனால் எழுதுகிறேன்.

சூசைதாசன் அவர்கள், எங்களுக்கெல்லாம் சூசையண்ணை, காலமான செய்தி ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நான் கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. எனக்கு யாரும் செய்தி விடுவதில்லை. ஏதோ கடன் அட்டைக் கொம்பனியாக்கும் என்று நினைத்துக்கொண்டு அழுத்தினேன்.

"அங்கிள், இட்ஸ் நிர்மலா. அப்பா காலமை போயிட்டார். ஹொஸ்பிற்றலிலைதான். அம்மா சொன்னவா, மாஸ்ரருக்கு முதல் சொல்லு எண்டு. ஓகே அங்கிள். பாய்."

நிர்மலா அவருடைய ஒரே மகள். அழாமல்தான் பேசியிருந்தாள். நான் அந்தச் செய்தியை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். அவர் போய்விட்டார் என்பது முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. 'மாஸ்ரருக்கு முதல்' என்றது ஏன் என்பதுதான் விளங்கவில்லை. அந்த வீட்டு வாசலை நான் மிதித்து இரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. கூப்பிட்டபோதும் போகவில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஏன் முதலில்?

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சூசையண்ணை மன்னாரைச் சேர்ந்தவர். ஊரில் லொறி ஓட்டினார். எண்பதுகளின் முடிவில் மனைவி பிலோமினாவோடும் மகளோடும் கனடாவுக்கு வந்து, ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில் ஒரு ரவுண்ஹவுஸ் வரிசைவீட்டில் குடியிருந்து, கடைசிவரை ஒரு பேக்கரியின் பாண் வான் ஓட்டினார். உயரமான, மெலிந்த மனிதர். சேட்டுப் பையின் வாயை எப்போதும் ஒரு சட்டைப்பின் ஊசியால் குத்தி வைத்திருப்பார். உள்ளே அவருடைய கடதாசிகள் இருக்கும். படித்தவரல்ல என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரே அப்படித்தான் சொல்லுவார்.

நான் படித்தவன். புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன். இங்கே ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மூடிகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பார்க்கிறேன். இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. என் மனத்தில் ஒரு பட்டியல் உண்டு. என் சான்றிதழை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து 'கனேடிய அனுபவம் இருக்கிறதா' என்று கேட்ட பெண்மணி அதில் இருக்கிறார். பழைய மாணவர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சூசையண்ணையின் பெயரும் இருந்தது. இரண்டு தடவை.

முதல் தடவை எழுதப்பட்டது நாங்கள் சந்தித்த அன்றே. அது ஒரு பெப்ரவரிக் காலை. பஸ் வரவில்லை. தரிப்பிடத்தில் நான் மட்டும் நின்றேன். ஒரு பாண் வான் வந்து நின்றது.

"தமிழோ? ஏறுங்கோ. விறைச்சுச் சாகப்போறியள்."

ஏறினேன். பக்கத்தில் சீற் இல்லை. பாண் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார்.

"என்ன செய்யிறனியள்?"

தொழிற்சாலையின் பெயரைச் சொன்னேன். பிறகு, கேட்காமலே, ஊரில் ஆசிரியராக இருந்ததையும் பட்டத்தையும் சொன்னேன்.

"அவ்வளவு படிச்சுப்போட்டோ மாஸ்ரர் பஸ்ஸுக்கு நிக்கிறியள்? நான் படிக்காதவன், பாருங்கோ, எனக்கு ஒரு வான் குடுத்திருக்கிறாங்கள்!"

சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இறங்கும்போது நன்றியும் சொல்லவில்லை. மறுநாள் காலை அதே நேரத்துக்கு வான் வந்து நின்றது. பாண் தட்டின் மேல் ஒரு தலையணை போட்டிருந்தது.

மூன்று குளிர்காலங்கள் அந்தத் தலையணையில் குந்தியிருந்து வேலைக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி வைத்திருப்பார். ஏரி ஏன் முழுக்க உறைவதில்லை? இந்த ஊரில் குளிர்காலத்துச் சூரியன் ஏன் தெற்கே சரிந்து கிடக்கிறது? நான் சொல்லுவேன். மறுநாள் நான் சொன்னதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார். பிழையிருந்தால் திருத்துவேன். ஐம்பதை நெருங்கிய அந்த மனிதர்தான் என்னிடம் கடைசியாகப் படித்தவர்.

ஒரு நாள் கேட்டார்: "மாஸ்ரர், நீங்கள் படிப்பிச்சதுகளிலை உங்கடை கண்ணாலை காணாதது எது?"

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நான் யோசிக்கவே இல்லை. வறண்ட நிலத்தில் எப்போதாவது வரும் வெள்ளம் கல்லை அறுத்து உண்டாக்கும் ஒடுங்கிய இடுக்கு என்றேன். ஆங்கிலத்தில் அதை ஸ்லொட் கன்யன் என்பார்கள். மேலே நின்றால் நிலத்தில் ஒரு வெடிப்புப் போலத் தெரியும். உள்ளே இறங்கினால் பனை உயரத்துக்குச் சுவர்கள். இரண்டு கையையும் விரிக்க இடமிருக்காது. பதினொரு வருடம் அதைக் கரும்பலகையில் கீறினேன். ஒரு குன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில், ஆறுகூட இல்லாத ஊரில் நின்றுகொண்டு.

"அது எங்கை கிடக்கு?"

"அமெரிக்காவிலை. யூட்டா எண்டு ஒரு மாநிலம்."

"றோட்டு இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப போவம்."

அவ்வளவுதான். அந்தப் பயணம் என்னுடைய ஆசை, ஆனால் அவருடைய யோசனை. இதை யாரும் எங்கும் சொன்னதில்லை. நானும்.

போனவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் பாலா. மார்க்கம் நகரில் காப்புறுதி விற்கிறவர், பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர், எங்கள் இருவருக்கும் இளையவர். அவரிடம் புது வானும் நல்ல கமெராவும் இருந்தன. ஒரு சின்ன விஷயத்தை மேசை முழுக்கச் சிரிக்கும்படி சொல்லும் திறமையும் இருந்தது. எங்கள் மூவருக்கும் அந்த வருடம்தான் கனடிய பாஸ்போட் கிடைத்திருந்தது. எல்லையில் யாரும் ஒதுக்கி நிறுத்தாமல் ஒரு நாட்டுக்குள் போய் வருவது எங்கள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை.

"எங்கை போறியள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?" என்று எல்லைக்கு முன்னால் பாலா கேட்டார்.

"கல்லுப் பாக்கப் போறம் எண்டு சொல்லு," என்றார் சூசையண்ணை.

"விசரெண்டு திருப்பி விடுவாங்கள் அண்ணை."

"மாஸ்ரர் விளங்கப்படுத்துவார். அரை மணித்தியாலம் கேட்டாங்களெண்டால் தாங்களே கையெடுத்துக் கும்பிட்டு விட்டிடுவாங்கள்."

என்னிடம் ஒரு கன்வஸ் பை இருந்தது. அந்தப் பையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அதற்குள் எங்கள் மூன்று பாஸ்போட்டுகளும் இருந்தன. அதோடு என் பட்டச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், குடியேற்றக் கடதாசிகள், ஊர்க்காணியின் உறுதிப் பத்திரம், நியமனக் கடிதம் எல்லாவற்றின் மூலப் பிரதிகளும் இருந்தன. யூட்டாவில் காணி உறுதி எதற்கு என்று கேட்பீர்கள். நம்மவர்கள் கேட்கமாட்டார்கள். கடதாசி இல்லாமல் வீதிக்கு இறங்கினால் வீடு திரும்பமாட்டோம் என்று பழகியவர்கள் நாங்கள். சூசையண்ணைக்குச் சட்டைப்பின். எனக்குப் பை.

"மாஸ்ரரின்ரை மனிசி," என்பார் பாலா அந்தப் பையைக் காட்டி. "படுக்கும்போதும் விடமாட்டார்." கல்யாணம் செய்யாத என்னிடம் சொல்லக்கூடிய பகிடி. சொன்னவரின் பாஸ்போட்டும் அந்தப் பைக்குள்தான் இருந்தது.

மூன்று நாள் ஓடினோம். பெரும்பகுதி சூசையண்ணைதான் ஓட்டினார். மோட்டல் அறையில் றைஸ் குக்கரைக் குளியலறைக்குள் வைத்துச் சோறாக்கி, மீன் ரின் உடைத்துச் சாப்பிட்டோம். நெப்ராஸ்காவில் சோளக் காட்டைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மட்டமான நிலம் பாக்கவோ மாஸ்ரர் மன்னாரிலை இருந்து வந்தனான்?" என்றார். மலைகள் தொடங்கியபோது பேச்சை நிறுத்திவிட்டார். கல் சிவந்தபோது வானை ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து என்னிடம் காட்டினார்: "இதுதானோ?" இதுதான் என்றேன்.

அந்த இடுக்குக்குக் காலை எட்டு மணிக்குப் போனோம். வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை இருந்தது. நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இருபது மைல் தள்ளி மழை பெய்தாலும் உள்ளே வெள்ளம் வரும், வந்தால் ஓட இடமில்லை, முகில் கண்டால் திரும்பு. சூசையண்ணை கவனமாகக் கேட்டார். பிறகு நடந்ததற்கு அந்தப் பாடம்தான் அவருக்குக் கைகொடுத்தது.

உள்ளே மணல் குளிர்ந்திருந்தது. சுவர்கள் நேராக இல்லை. சுழன்ற தண்ணீர் அப்படியே கல்லாகி நின்றதுபோல் வளைந்து வளைந்து போயின. மேலே இருந்து வந்த வெளிச்சம் கல்லில் பட்டுப் பட்டு இறங்கி, அடியில் பூசணிப்பழத்தின் உட்புறம் மாதிரி நிறமாகக் கிடந்தது. நான் சுவரில் கை வைத்தேன். என் படம் பிழையாக இருந்தது. நான் எப்போதும் கோடுகளை நேராகக் கீறியிருந்தேன். அது தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பட்டம் பெற்ற அன்றைக்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு இருக்கவில்லை.

பாலா படமெடுத்துக்கொண்டே முன்னால் போய் வளைவில் மறைந்தார். நான் நடுவில். சூசையண்ணை பின்னால். இடுக்கு மேலும் ஒடுங்கியது. ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போகலாம். பை என் நெஞ்சில் குறுக்காகத் தொங்கியது. அதைக் கழற்றித் தலைக்கு மேல் பிடித்திருந்தால் போயிருப்பேன். கழற்றவில்லை. அடியெடுத்து வைத்தேன். முதுகில் கல். நெஞ்சில் பை. பைக்கு அப்பால் கல். முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஊரில் கடைசி வருடம், ஷெல் அடித்த ஒரு பகல், எங்கள் பள்ளிக்கூட வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழி இடிந்து என் மேல் விழுந்தது. பனங்குற்றியும் மண்மூட்டையும் நெஞ்சின் மேல் கிடக்க, மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை கிடந்தேன். தோண்டி எடுத்தார்கள். மறுநாள் வகுப்பு எடுத்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த இடுக்கில் அது முடியவில்லை என்று தெரிந்தது. மூச்சு உள்ளே போகவில்லை. நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். ஆனால் சத்தம் வரவில்லை. காலோடு சூடாக ஏதோ இறங்கியது. நாற்பது வயது மனிதன், பட்டதாரி, நின்றபடியே நனைந்துவிட்டேன்.

சூசையண்ணை பின்னால் வந்து என் தோளில் கை வைத்தார். பார்த்தார். கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"மாஸ்ரர், இது என்ன கல்லு?"

அவர் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"நான் கேக்கிறன், சொல்லுங்கோ. இது என்ன கல்லு?"

"மணற்கல்."

"மணல் எப்பிடிக் கல்லானது?"

"காத்து... காத்துக் கொண்டுவந்து குவிச்சது. மணல்மேடு. பிறகு அமத்துப்பட்டு..."

"ஆறுதலாச் சொல்லுங்கோ. எனக்கு விளங்க வேணும். எத்தினை வயது இந்தக் கல்லுக்கு?"

"பதினெட்டுக் கோடி வருசம்."

"அம்மாடி. அப்ப இது எங்களுக்காக இண்டைக்கு அசையாது. நாங்கள்தான் அசைய வேணும். பையை விடுங்கோ."

"ஏலாது."

"நான் பிடிச்சிருக்கிறன். கீழை விழாது. அதுக்குள்ளை என்ன இருக்கெண்டு எனக்குத் தெரியும். நான் பிடிச்சிருக்கிறன், நீங்கள் விடுங்கோ."

விட்டேன். பட்டியை என் தலைக்கு மேலால் எடுத்தார். என் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அந்த ஒடுக்கத்தை விட்டு வெளியே வந்து மணலில் குந்திவிட்டேன். அப்போதுதான் வளைவுக்கு அப்பாலிருந்து பாலாவின் குரல் வந்தது.

"என்ன ரெண்டு பேரும்? வாங்கோவன், இங்கை வடிவாயிருக்கு!"

திரும்பி வரும் காலடி கேட்டது. நான் என் காற்சட்டையைப் பார்த்தேன். சூசையண்ணையும் பார்த்தார். தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார். அதுதான் அவரிடம் மிச்சமிருந்த தண்ணீர். என் மடியில் பாதியை ஊற்றினார். மீதியைத் தன் காற்சட்டையின் முன்பக்கத்தில் ஊற்றிக்கொண்டார். போத்தலை மணலில் உருட்டிவிட்டார். பாலா வளைவில் வந்தபோது சூசையண்ணையின் முகமே மாறியிருந்தது.

"நான் இதுக்கு மேலை வரமாட்டன் தம்பி. முகில் ஒண்டு தெரியுது. வெள்ளம் வந்தாலும் வரும். எனக்குக் கை நடுங்கிப் போத்தலும் விழுந்து மாஸ்ரரையும் நனைச்சுப்போட்டன். வாருங்கோ, திரும்புவம்."

பாலா அண்ணாந்து பார்த்தார். இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு நீல நாடா. ஒரு பஞ்சுகூட இல்லை.

"எங்கை அண்ணை முகில்?"

"இருந்தது. இப்ப போயிட்டுது."

பாலா சிரிக்கத் தொடங்கினார். வெளியே வந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. வாசலில் சூசையண்ணையை நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வான் பக்கம் நடந்துவிட்டேன்.

திரும்பும் வழியெல்லாம் பாலா அந்தக் கதையைத் தீட்டிக்கொண்டே வந்தார். ரொறொன்ரோ வந்து சேர்ந்தபோது அது முழுக் கதையாகிவிட்டது. தெளிந்த வானத்தில் முகில் கண்டு, பாலைவனத்தில் நின்றபடியே நனைந்த சூசையண்ணை. போத்தல் தண்ணீர் என்று அவர் சொன்னார், ஆனால் நாங்கள் நம்பவேண்டுமே என்று ஒரு கண்ணைச் சிமிட்டி முடிப்பார். பிறந்தநாள் வீடு, சாமத்தியவீடு, சங்க ஒன்றுகூடல் என்று எங்கும் சொன்னார். முதல் தடவை, மல்வேர்னில் ஒரு பிறந்தநாள் வீட்டில், கதை முடிந்ததும் ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. மரியாதைக்காக. சூசையண்ணை என்னைப் பார்த்தார். நான்தான் முதலில் சிரித்தேன். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அன்றைக்குத்தான் அவர் பெயரை என் பட்டியலில் இரண்டாம் தடவை எழுதினேன்.

நம்பக் கஷ்டமாக இருக்கும். என் மானத்தைக் காப்பாற்றியவரின் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் அறிந்திருந்தார், அதுதான். அவர் என்னைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடுக்கில் என்னைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். என்றைக்கோ ஒரு நாள் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரை வெறுக்க ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஒருவர் நமக்குச் செய்த நன்மையை அவர் ஒருபோதும் நினைவூட்டாவிட்டால், நாமே அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடுகிறது. அதை என்னால் தாங்க முடியவில்லை. காலையில் வேறொரு தரிப்பிடத்தில் பஸ் ஏறத் தொடங்கினேன். ஒரு கிழமை அவருடைய வான் பழைய தரிப்பிடத்தில் நின்று போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவருக்குச் சிறுநீரகம் பழுதான செய்தி வந்தும் நான் உடனே போகவில்லை. கடைசியாக, இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிறு பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையும் காலும் வீங்கி, முகம் மட்டும் பழையபடி இருந்தது. பிலோமினாக்கா கதிரையை எனக்குத் தந்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்.

"வாங்கோ மாஸ்ரர். ஒரு கேள்வி வைச்சிருக்கிறன். கனநாளா."

"கேளுங்கோ அண்ணை."

"அந்தக் கல்லுக்கு எத்தினை வயதெண்டு சொன்னனியள்? மறந்துபோனன்."

"பதினெட்டுக் கோடி வருசம்."

"ஓம், அதுதான்." கண்ணை மூடிக்கொண்டார். "அப்ப பாருங்கோ, அஞ்சு வருசப் பகிடி ஒரு தூசுக்கும் காணாது. நீங்கள் அதைப் பிடிச்சுக்கொண்டு திரியாதையுங்கோ."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது பாலா பழக்கூடையோடு உள்ளே வந்தார். "என்ன அண்ணை, முகில் ஏதும் தெரியுதோ?" என்று கேட்டார். சூசையண்ணை சிரித்தார். நான் எழுந்து நின்றேன். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவரை உயிரோடு பார்த்தது அதுவே கடைசி.

இனி இந்தக் கடிதத்தின் காரணம். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் வருகிறது. தொகுப்பவர் பாலா. எங்கள் சமூகத்தில் இப்படியான மலர்கள் வரும்போது எழுத்துப்பிழை பார்க்க எனக்கு அனுப்புவார்கள். கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த நினைவு மலர்களில், இந்த ஊரில் வந்தவற்றில் பாதியாவது என் சிவப்புப் பேனாவைக் கடந்தவை. எழுதச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. திருத்தத் தருவார்கள். போன செவ்வாய்க்கிழமை சூசையண்ணையின் மலரும் வந்தது.

பன்னிரண்டாம் பக்கத்தில் பாலாவின் கட்டுரை. அன்பாகத்தான் எழுதியிருக்கிறார், குறை சொல்ல முடியாது. நடுவில் அந்தக் கதை. 'அன்னாரின் பயந்த சுபாவத்தையும் வெள்ளை மனத்தையும் காட்டும் ஒரு சம்பவம்' என்று தொடங்கி, கண்சிமிட்டு வரை முழுக்க இருக்கிறது. பக்கத்தில் அந்தப் படம்.

நான் வழக்கம்போலச் சிவப்புப் பேனாவோடு வாசித்தேன். அந்தப் பந்தியில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. இரண்டையும் திருத்தினேன். ஓரத்தில் சரி என்று குறியும் போட்டேன். அடுத்த பந்திக்குப் போன பிறகுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு விளங்கியது. பொய்யைப் பிழையில்லாமல் ஆக்கிக் கொடுத்திருந்தேன். ஐந்து வருடமாக நான் செய்த வேலையும் அதுதான்.

பகிடி பகிடியாகவே போயிருந்தால் ஒருவேளை நானும் போகவிட்டிருப்பேன். அச்சு வேறு. நிர்மலா அதை அலுமாரியில் வைப்பாள். அவளுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால், தங்கள் தாத்தா ஒரு கோழை என்று எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். நான் ஒற்றெழுத்துத் திருத்திக் கொடுத்த வசனத்தில்.

ஆகவே பாலாவுக்கு: அந்தப் பந்தியை எடுத்துவிடும். படத்தை எடுக்க வேண்டாம். படத்தை ஒருமுறை வடிவாகப் பாரும். ஐந்து வருடம் எத்தனை பேருக்கு அதைக் காட்டினீர்? எல்லோரும் அவருடைய நனைந்த காற்சட்டையைத்தான் பார்த்தார்கள். அவருடைய தோளைப் பாரும். அதில் ஒரு கன்வஸ் பை தொங்குகிறது. மாஸ்ரர் நித்திரையிலும் விடாத பை. அது ஏன் சூசையண்ணையின் தோளில் இருக்கிறது என்று நீர் கேட்கவில்லை. வேறொருவரும் கேட்கவில்லை. பட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சொன்னபடி, கீழே விழாமல்.

சூசையண்ணை, நான் ஆஸ்பத்திரியில் சொல்ல வந்ததை இப்போது சொல்கிறேன். கல்லைப் பார்க்கக் கூட்டிப்போனதற்கு நன்றி. தலையணைக்கும் நன்றி. முகில் இருக்கவில்லை, எனக்குத் தெரியும். போய் வாருங்கள். பையை இனி நான் பிடிக்கிறேன்.

இதில் இரண்டு பிரதி எடுக்கப்போகிறேன். ஒன்று பாலாவுக்கு. அவர் போடாவிட்டாலும் பொய் மட்டும் தனியாகப் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக மற்றது நிர்மலாவுக்கும் பிலோமினாக்காவுக்கும். முதலில் எனக்குச் சொன்னவர்களுக்கு நானும் முதலில் சொல்ல வேண்டும்.

கடைசிப் பக்கத்தின் கீழே பெயர் எழுதப் பேனாவை வைத்தேன். அவர் தான் செய்ததற்குப் பெயர் போடவில்லை, அதனால் நானும் போடவில்லை என்று எழுதலாம். அழகான காரணம். உண்மையான காரணம், எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. போனவர்கள் மூன்று பேர். ஒருவர் இல்லை, ஒருவர் மலரைத் தொகுக்கிறார். மிச்சம் யாரென்று கண்டுபிடிக்க ஒருவருக்கும் பட்டம் தேவையில்லை. அது தெரிந்தும் கை எழுதவில்லை. கை எழுதும்வரை காத்திருந்தால் மலர் அச்சுக்குப் போய்விடும். எனவே இதை இப்படியே இரண்டு உறையிலும் வைத்து ஒட்டப்போகிறேன். மூலையில் இருக்கும் தபால்பெட்டிவரை நடந்து போய், பெயரில்லாமலே போடப்போகிறேன்.